வூ-டாங் கிளானின் முதல் ஆல்பம்: கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

1993-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு ராப் ஆல்பங்கள் கடைக்கு வந்தன. இரண்டுமே நியூயார்க் நகரத்துக்காரர்களுடையவை. ஒன்று, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த 'எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்' குழுவின் 'மிட்நைட் மரோடர்ஸ்'. ஜாஸ் கலந்த இதமான இசை, சுத்தமான ஒலிப்பதிவு, கேட்கக் கேட்கச் சுகம். இன்னொன்று 'வூ-டாங் கிளான்' என்ற புதிய குழுவின் 'என்ட்டர் த வூ-டாங் (36 சேம்பர்ஸ்)'. இதைப் போட்டால் முதலில் வருவது பாட்டே இல்லை, ஒரு பழைய ஹாங்காங் குங்ஃபூ படத்தின் ஆங்கில டப்பிங் வசனம்! அது முடிந்ததும் கரகரவென்று டிரம் சத்தம். அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவராக ஆட்கள் வந்து கத்துகிறார்கள். மொத்தம் ஒன்பது பேர். யார் எவர் என்று முதல் தடவையில் யாருக்கும் பிடிபடாது.

இன்று ஹிப்ஹாப் வரலாற்றை எழுதும் யாரும் இந்த இரண்டாவது ஆல்பத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் வந்த புதிதில் அதைக் கேட்டவர்கள் ஒரே மாதிரி பேசவில்லை. சிலருக்கு அது சத்தம், சிலருக்கு வன்முறை, சிலருக்கு அது தங்கள் சொந்தத் தெரு. வருடங்கள் போகப்போக இந்தக் கருத்துகளும் மாறின. அந்த மாற்றத்தின் கதைதான் இது.

ஒன்பது பேரும் ஒரு தீவும்

நியூயார்க் நகரத்துக்கு ஐந்து பகுதிகள் உண்டு. ஹிப்ஹாப் பிறந்தது அதில் ஒன்றான பிராங்க்ஸில். 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற டிஜே அங்கே நடத்திய விருந்தைத்தான் இந்தக் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்து குவீன்ஸ், புரூக்ளின் பகுதிகளிலிருந்து பெரிய பெரிய ராப் பாடகர்கள் வந்தார்கள். யாரும் கண்டுகொள்ளாத பகுதி ஸ்டேட்டன் ஐலண்ட். மன்ஹாட்டனிலிருந்து படகில் போக வேண்டிய தீவு. நியூயார்க்காரர்களே "அங்கே ஹிப்ஹாப் இருக்கிறதா என்ன?" என்று கேட்ட இடம்.

அந்தத் தீவின் பார்க் ஹில், ஸ்டேப்பிள்டன் பகுதிகளில் ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருந்தன. 1980-களில் 'கிராக்' என்ற மலிவான கொக்கெய்ன் அமெரிக்க நகரங்களுக்குள் புகுந்தபோது இந்தக் குடியிருப்புகள் கடுமையாக அடிவாங்கின. 1990-ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. பள்ளிக்கூட வயதுப் பையன்கள் தெருமுனையில் போதைப்பொருள் விற்றார்கள், சிறைக்குப் போனார்கள், சுடப்பட்டுச் செத்தார்கள். வூ-டாங் கிளானின் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

குழுவின் மூளை ரிஸா. அவரும் ஜிஸாவும் ஓல் டர்ட்டி பாஸ்டர்டும் உறவுக்காரர்கள். ரிஸாவும் ஜிஸாவும் 1991-லேயே தனித்தனியாக வேறு கம்பெனிகள் மூலம் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்கள். இரண்டுமே எடுபடவில்லை. ரிஸாவை ஒரு காதல் மன்னன் மாதிரி காட்டிச் சந்தைப்படுத்தப் பார்த்தார்கள், அது அவருக்குப் பொருந்தவே இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அவர் வேறு மாதிரி யோசித்தார். மெத்தட் மேன், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, இன்ஸ்பெக்டா டெக், யு-காட், மாஸ்டா கில்லா ஆகியோரையும் சேர்த்து ஒரு படை. முதல் பாட்டான 'புரொடெக்ட் யா நெக்'கை எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள்.

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல்லுக்கு அன்றைக்கு அர்த்தம் இதுதான். பெரிய வானொலி நிலையங்களின் தயவு இல்லாமல், கைக்குக் கை, கேசட்டுக்குக் கேசட் பரவும் இசை. அதற்கு ஒரு முக்கியமான வழி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலி. 1990 முதல் 1998 வரை அங்கே ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ என்ற இருவர் நள்ளிரவு தாண்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். கம்பெனி ஒப்பந்தமே இல்லாத பையன்களும் அங்கே வந்து ராப் பாடலாம். தூங்காமல் கண்விழித்து அதைக் கேசட்டில் பதிவு செய்து, மறுநாள் நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த ஒரு கூட்டம் நகரத்தில் இருந்தது. வூ-டாங் ஆட்களும் அந்த நிகழ்ச்சியில் வந்து போனவர்கள்தான்.

பிறகு ஸ்டீவ் ரிஃப்கின்ட் நடத்திய லௌட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு விசித்திரமான நிபந்தனை. குழுவாகப் பாடினால் லௌட் கம்பெனிக்கு, ஆனால் ஒவ்வொருவரும் தனியாக எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் ஆல்பம் செய்யலாம். இப்படி ஒரு சலுகையை அதற்குமுன் ராப் குழுக்கள் கேட்டதில்லை. பின்னால் மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும், ஜிஸா கெஃபனுக்கும் போனது இந்த நிபந்தனையால்தான்.

36-ஆவது அறை எது?

ஆல்பத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சினிமா இருக்கிறது. 1978-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனி எடுத்த 'த 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்'. இயக்கம் லாவ் கார்-லியுங், நாயகன் கோர்டன் லியு. கொடுங்கோலர்களால் எல்லாவற்றையும் இழந்த ஒரு இளைஞன் ஷாவோலின் மடத்தில் சேர்ந்து, 35 அறைகளில் 35 விதமான பயிற்சிகளை முடிக்கிறான். "உனக்கு எந்த அறைக்குத் தலைமை வேண்டும்?" என்று மடத்தில் கேட்கும்போது, அவன் இல்லாத ஒன்றைக் கேட்கிறான். மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்கும் இந்தக் கலையைச் சொல்லித்தர ஒரு 36-ஆவது அறை!

சிறுவயதில் மன்ஹாட்டனின் 42-ஆவது தெருவில் இருந்த மலிவான தியேட்டர்களில் ரிஸா இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து வளர்ந்தார். ஸ்டேட்டன் ஐலண்டுக்கே 'ஷாவோலின்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் வசனம் 1983-இல் வந்த 'ஷாவோலின் அண்ட் வூ டாங்' படத்தினுடையது. பாட்டுகளின் நடுவே வாள்வீச்சும் குத்தும் உதையும் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

36-ஆவது அறை என்பது உள்ளே இருப்பவர்களின் கலை வெளியே இருப்பவர்களுக்குத் திறக்கும் கதவு. இந்த ஆல்பத்தைக் கேட்டவர்களின் கதையும் அதுதான். முதலில் உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள். பிறகு வெளியே இருந்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொன்றைக் கேட்டது.

முதல் கருத்து: "இது என்ன ஒலிப்பதிவு?"

1992 டிசம்பரில் டாக்டர் டிரே கலிஃபோர்னியாவிலிருந்து 'த க்ரானிக்' ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். பளபளப்பான ஒலி, அடிவயிறு அதிரும் பேஸ், கார் ஸ்பீக்கருக்கென்றே செய்தது போன்ற இசை. அடுத்த ஆண்டு முழுவதும் நாடே அதைத்தான் கேட்டது. அவருடைய சீடர் ஸ்னூப் டாகின் 'டாகிஸ்டைல்' 1993 நவம்பர் 23 அன்று வந்து, முதல் வாரத்திலேயே 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று முதலிடத்தைப் பிடித்தது. வூ-டாங் ஆல்பம் அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்து, பில்போர்டு பட்டியலில் 41-ஆவது இடத்துக்கு மேல் ஏறவே இல்லை.

'த க்ரானிக்' கேட்டுப் பழகிய காதுகளுக்கு வூ-டாங் ஒலி குப்பை மாதிரி இருந்தது. அது மலிவான ஸ்டுடியோவில், இருந்த பணத்துக்குள் செய்த பதிவு. அன்றைய சாம்ப்ளர் கருவிகளின் குறைபாடும் அதில் சேர்ந்துகொண்டது. சாம்ப்ளிங் என்றால், பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து அதைத் திரும்பத் திரும்ப ஓட விடுவது. அந்தக் காலத்தில் புகழ்பெற்ற எஸ்பி-1200 என்ற கருவியின் மொத்த நினைவகமே சுமார் 10 வினாடிதான். 12 பிட் தரத்தில் பதிவதால் ஒலி கொஞ்சம் நசுங்கி, மணல் கலந்தது போல வரும். இசைத்தட்டின் கீறல் சத்தமும் கூடவே வரும். சாதாரணமாக இசையமைப்பாளர்கள் இதையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்யப் பார்ப்பார்கள். ரிஸா அப்படியே விட்டார்.

இதைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி: "காசு இல்லாமல் செய்த வேலை, அதை ஏன் கலை என்று தூக்கிப் பிடிக்க வேண்டும்?" இன்னொரு கட்சி: "எங்கள் மாடிப்படியில் எப்படிச் சத்தம் கேட்குமோ அப்படியே கேட்கிறது." ஹிப்ஹாப்பின் முக்கியப் பத்திரிகையான 'த சோர்ஸ்' 5-க்கு 4.5 மைக் கொடுத்தது. இரண்டாவது கட்சிக்கு அது பெரிய பலம்.

உண்மையில் இரண்டு கட்சியும் சொன்னதில் நியாயம் உண்டு. பணம் இல்லாததால்தான் அந்த ஒலி வந்தது. ஆனால் பணம் இல்லாத எல்லோருக்கும் அந்த ஒலி வரவில்லை. கையில் பணம் வந்த பிறகும் நியூயார்க் இசையமைப்பாளர்கள் பலர் வேண்டுமென்றே அந்த அழுக்கை நாடிப் போனார்கள். 1995-இல் வந்த மாப் டீப் குழுவின் 'த இன்ஃபேமஸ்' ஆல்பத்தில் அந்த இருட்டு அப்படியே தெரியும்.

நியூயார்க் காதுகளும் வெளியூர்க் காதுகளும்

கலிஃபோர்னியாவின் வெற்றியால் நியூயார்க் ரசிகர்கள் மனம் நொந்திருந்த காலம் அது. "நாம் பெற்றெடுத்த இசை, நம்மைவிட்டுப் போய்விட்டதே" என்ற ஏக்கம். வூ-டாங் வந்ததும் அவர்களுக்குத் தங்கள் நகரமே திரும்பி வந்த மாதிரி இருந்தது. 1994 ஏப்ரலில் நாஸின் 'இல்மாட்டிக்', செப்டம்பரில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை' என்று அடுத்தடுத்து வந்தபோது அந்த நம்பிக்கை உறுதியானது.

வெளியூர்க்காரர்கள் நிலைமை வேறு. வூ-டாங் பேசும் மொழி அவர்களுக்குப் பாதி புரியவில்லை. அதில் ஸ்டேட்டன் ஐலண்ட் தெருப்பேச்சு ஒரு பங்கு. 1964-இல் ஹார்லெமில் தொடங்கிய 'ஃபைவ் பர்சென்ட்' என்ற சமயக் குழுவின் சொற்கள் ஒரு பங்கு. அந்தக் குழுவில் ஆண்கள் ஒருவரையொருவர் 'காட்' என்று அழைத்துக்கொள்வார்கள், எண்களுக்கும் எழுத்துகளுக்கும் ரகசிய அர்த்தம் உண்டு. மீதிப் பங்கு குங்ஃபூ. இந்த மூன்றும் கலந்த பேச்சை நண்பர்கள் உட்கார்ந்து வரி வரியாக ஓட்டி ஓட்டி அர்த்தம் பிரித்தார்கள். புரியாமை சிலரை விரட்டியது. வேறு சிலரை அதுவே இழுத்துப் பிடித்தது. ரிஸாவே பின்னர் 2005-இல் 'த வூ-டாங் மேனுவல்' என்ற புத்தகத்தில் பல விளக்கங்களைக் கொடுத்தார்.

ஒன்பது குரல்களைப் பிரித்தறிவதும் ஒரு விளையாட்டாகவே ஆனது. கரகரத்த மெத்தட் மேன், பாட்டா பேச்சா என்று தெரியாத ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், அளந்து பேசும் ஜிஸா, மூச்சுவிடாமல் கதை சொல்லும் ரேக்வான்... ரசிகர்கள் ஆளுக்கொருவரைத் தத்தெடுத்துக்கொண்டு, "என் ஆள்தான் பெரியவர்" என்று வாதாடினார்கள். குழுவுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஆல்பத்தின் நடுவில் மெத்தட் மேனும் ரேக்வானும் ஒவ்வொருவரின் குணத்தையும் அறிமுகம் செய்யும் ஒரு பேட்டியே வருகிறது. 'புரொடெக்ட் யா நெக்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு நேயர் வானொலிக்கு ஃபோன் செய்து, வூ-டாங் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்கிறார். "மறுபடியுமா?" என்கிறார் அறிவிப்பாளர். மறுபடி மறுபடி வேண்டும் என்கிறார் நேயர். ஆக, கேட்பவரின் கருத்து ஆல்பத்துக்குள்ளேயே பதிவாகிவிட்டது!

இரண்டாவது கருத்து: "இவ்வளவு வன்முறையா?"

எதிர்ப்பும் சாதாரணமாக இல்லை. 1993-94-இல் அமெரிக்காவில் ராப் வரிகளைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. சி. டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பினப் பெண் தலைவர் இந்தப் பாட்டுகளுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். இவர் 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர். 1994 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைக் குழுக்களிலும் இதுபற்றி விசாரணை நடந்தது. குறி வூ-டாங்மேல் மட்டும் இல்லை, மொத்த ராப் உலகத்தின்மேலும்.

வூ-டாங் ஆல்பத்தில் குற்றம் சொல்ல இடம் நிறையவே இருந்தது. 'மெத்தட் மேன்' பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் சித்திரவதை செய்வேன் என்று போட்டி போட்டுச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரசிகர்களில் பலர் அதைக் கூட்டாளிகளின் வெட்டிப் பேச்சு என்றார்கள். பிள்ளை வளர்த்த பெற்றோர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. பெண்களைப் பற்றிய பேச்சு, ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் வசைச்சொற்கள் இவற்றை இந்த ஆல்பத்தை உயிராக நேசிப்பவர்களே இன்று கேட்டு முகம் சுளிக்கிறார்கள். அந்தக் குறை காலத்தோடு தேயவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆல்பம் பெரியது என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. 1991-இல் விற்பனையைக் கடைக் கணினியிலிருந்தே எடுக்கும் 'சவுண்ட்ஸ்கேன்' முறை வந்தது. அதற்குப் பிறகுதான் ராப் எவ்வளவு பெரிய அளவில் விற்கிறது என்பது வெளியே தெரிந்தது. வசதியான புறநகர்களில் வாழ்ந்த வெள்ளையின இளைஞர்களும் அதை ஏராளமாக வாங்கினார்கள். "எங்கள் துன்பம் அவர்களுக்குப் பொழுதுபோக்கா?" என்று கறுப்பின எழுத்தாளர்களும் பெற்றோர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வூ-டாங் விஷயத்தில் அதற்கான பதில், அந்தப் பையன்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது கருத்து: சோகம்

வந்த புதிதில் பெரும்பாலோர் இதைச் சண்டை ஆல்பமாகக் கேட்டார்கள். ஜிம்மில் போட்டார்கள், காரில் சத்தமாக வைத்தார்கள், கச்சேரிகளில் முஷ்டியை உயர்த்தினார்கள். அது தப்பில்லை, ஆல்பத்தின் பாதி அதுதான். மறுபாதி மெதுவாகத்தான் கேட்க ஆரம்பித்தது.

'7த் சேம்பர்' பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ரேக்வான் மெத்தட் மேனிடம் இரவல் கொடுத்த ஒரு வீடியோ கேசட் எங்கே என்று சண்டை பிடிக்கிறார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சண்டையின் நடுவே ஒருவர் ஓடிவந்து, தெரிந்த பையன் ஒருவன் தெருவில் சுடப்பட்ட செய்தியைச் சொல்கிறார். கேசட்டும் சாவும் ஒரே நிமிடத்தில். அழுவதற்கு நேரமில்லை, உடனே பாட்டு தொடங்கிவிடுகிறது. அந்தக் குடியிருப்பில் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது என்று அங்கே வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் பத்துத் தடவை கேட்ட பிறகுதான் அந்த வேகத்தின் கொடூரம் உறைத்தது.

'டியர்ஸ்' பாட்டில் ரிஸா, கடைக்குப் போன தம்பி சுட்டுக் கொல்லப்பட்ட கதையைச் சொல்கிறார். கோஸ்ட்ஃபேஸ், எய்ட்ஸ் நோய்க்கு ஆளான ஒரு நண்பனைப் பற்றிச் சொல்கிறார். அதன் பின்னணியில் ஓடுவது 1964-இல் வெண்டி ரெனே என்ற பாடகி மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனிக்காகப் பாடிய பாட்டின் துண்டு. சிரிப்புக்குப் பின் கண்ணீர் வரும் என்பதுதான் அதன் பொருள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாட்டு 'க்ரீம்'. பணத்தின் ஆட்சியைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான பெயர் இது. 1994 தொடக்கத்தில் தனிப்பாட்டாக வெளிவந்து பில்போர்டில் 60-ஆவது இடம் வரை போனது. பல்லவியைப் பாடுவது மெத்தட் மேன். அதை ஒரு தடவை கேட்டால் மறக்க முடியாது. விளைவு? பல்லவி மட்டும் பிய்ந்துகொண்டு தனியாகப் பறந்தது. பணம் சம்பாதிப்பதைக் கொண்டாடும் கோஷமாக அது டி-ஷர்ட்டுகளில் ஏறியது. விருந்துகளில் அதைக் கத்திக்கொண்டு ஆடினார்கள்.

பல்லவிக்கு நடுவே இரண்டு பேர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் கதை வேறு. ரேக்வான் தன் இளமையில் திருட்டும் போதையும் எப்படித் தொழிலாகின என்று சொல்கிறார். இன்ஸ்பெக்டா டெக் 15 வயதில் சிறைக்குப் போனதைச் சொல்கிறார். வெளியே வந்த பிறகும் வாழ்க்கை இன்னொரு சிறை மாதிரியே இருந்தது என்கிறார். கடைசியில் தன் தெருவின் சின்னப் பையன்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப் பார்க்கிறார். அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பின்னணியில் சுற்றிச் சுற்றி வரும் அந்தச் சோகமான பியானோ, சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967-இல் பதிவு செய்த காதல் பாட்டிலிருந்து எடுத்தது. அதை எழுதியவர்கள் ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டர். அதுவும் ஸ்டாக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பதிவுதான். ஒரு தலைமுறைக்கு முந்தைய கறுப்பினப் பாட்டுகளிலிருந்து வந்த இந்த ஈரம்தான் வூ-டாங்கின் கடுமைக்குள் ஒளிந்திருக்கிறது. கீறல் விழுந்த இசைத்தட்டின் சத்தத்தை ரிஸா துடைக்காமல் விட்டதற்கும் இங்கே அர்த்தம் கிடைக்கிறது. சுத்தம் செய்திருந்தால் அது ஒரு இனிய மெட்டாக மட்டுமே நின்றிருக்கும். அழுக்கோடு வரும்போது எங்கோ தூரத்தில் தொலைந்துபோன ஒன்றின் குரலாகக் கேட்கிறது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. பாட்டின் முடிவில் ஒருவர் புத்தி சொல்கிறார், பையன்கள் கேட்பதில்லை. லட்சக்கணக்கான ரசிகர்கள் அந்தப் பாட்டுக்குச் செய்ததும் அதேதான்! பணத்தைப் பற்றிய பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள், பணத்துக்காகச் சிறைக்குப் போன பையனை விட்டுவிட்டார்கள்.

பிற்காலக் காதுகள்

ஆனால் காலம் சும்மா இருக்கவில்லை. 1994-இல் மெத்தட் மேனின் 'டிக்கல்', 1995-இல் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், ரேக்வான், ஜிஸா மூவரின் தனி ஆல்பங்கள், 1996-இல் கோஸ்ட்ஃபேஸின் 'அயர்ன்மேன்' என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டவர்கள் திரும்பி வந்து முதல் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்டார்கள். 1995-இல் அது 10 லட்சம் பிரதிகளைக் கடந்து பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. 1997-இல் வந்த இரண்டாவது குழு ஆல்பமான 'வூ-டாங் ஃபாரெவர்' நேரடியாக முதலிடத்திலேயே இறங்கியது. நான்கு வருடத்துக்கு முன் 41-ஆவது இடத்தில் நின்ற குழு!

2004 நவம்பர் 13 அன்று ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் இறந்தார். முதல் ஆல்பத்தில் கோமாளியாகவும் குடிகாரனாகவும் கேட்ட அந்தக் குரலை அதற்குப் பிறகு பலரால் பழைய மாதிரி சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-இல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது வூ-டாங் ஆல்பத்துக்கு 380-களில் இடம் கொடுத்தது. 2020-இல் அதே பத்திரிகை புதிய பட்டியல் போட்டபோது அது 27-ஆவது இடத்துக்கு ஏறியிருந்தது. நடுவில் ஆல்பத்தில் ஒரு நொடிகூட மாறவில்லை. மாறியது வாக்களித்தவர்கள். 1993-இல் கேசட்டைப் பிரதி எடுத்துக் கேட்ட தலைமுறை, தீர்ப்புச் சொல்லும் நாற்காலிக்கு வந்துவிட்டது.

2019-இல் நியூயார்க் நகரம் ஸ்டேட்டன் ஐலண்டின் பார்க் ஹில் பகுதிக்கு 'வூ-டாங் டிஸ்ட்ரிக்ட்' என்று பெயர்ப்பலகை வைத்தது. 2022-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்த ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்தது. நாட்டின் பண்பாட்டுக்கு முக்கியமானவை என்று கருதிப் பாதுகாக்கப்படும் பதிவுகளின் பட்டியல் அது. 1994-இல் ராப் வரிகளை விசாரணைக்கு இழுத்த அதே நாடாளுமன்றத்தின் நூலகம்!

முடிவாக...

இந்த ஆல்பத்தைப் பற்றி வந்த மூன்று கருத்துகளில் எது சரி? ஒலி அழுக்கு என்றவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். வன்முறை என்றவர்களும் இல்லாததைச் சொல்லவில்லை. சோகம் என்றவர்கள் கடைசியில் வந்தார்கள், ஆனால் முதல் இரண்டுக்கும் காரணம் என்ன என்று சொன்னவர்கள் அவர்கள்தான். பணமும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் வளர்ந்த ஒன்பது இளைஞர்கள், கையில் கிடைத்த கருவியில், சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிய பதிவு அது. அழுக்கும் அடிதடியும் கண்ணீரும் அதில் தனித்தனியாக இல்லை.

பட்டியலில் 27-ஆவது இடம், பெயர்ப்பலகை, களஞ்சியம் எல்லாம் மரியாதைதான். ஆனால் அந்தக் குழு உண்மையில் கேட்டது அதைவிடச் சின்ன ஒன்று. 'க்ரீம்' பாட்டின் கடைசியில் பேசும் அந்த இளைஞனுக்குத் தேவைப்பட்டது தான் சொல்வதை முழுவதும் கேட்கும் ஒரு காது. பல்லவி வந்ததும் கூடவே பாடுவது சுலபம். அது முடிந்த பிறகும் நின்று, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பவர்களுக்குத்தான் அந்த 36-ஆவது அறையின் கதவு திறக்கிறது.